மூன்று இளவரசிகளும் ஒரு கையெழுத்தும்

பர்மாவில், இன்சீன் ரயில்வே குடியிருப்பில் தங்கமணியைப் பெரிய படிப்பாளி என்பார்கள். அது கொஞ்சம் மிகை. பத்தாவதோடு நின்றவள். ஆனால் ஆங்கிலத்தில் இருப்பதைத் தடுமாறாமல் பர்மியத்தில் பெயர்த்து எழுதுவாள். பதினோரு வருடமாக ஒரு பெண்கள் மாத இதழுக்கு அதுதான் அவள் வேலை.

1996இல் பழைய புத்தகமொன்றிலிருந்து ஜெர்மன் அரச குடும்பக் கதை ஒன்றை எழுதிக்கொடுத்தாள். ஹெஸ்ஸே-டார்ம்ஸ்டாட் என்ற சிறு நாட்டின் அரசி, மணமாகாத மூன்று மகள்களையும் கப்பலேற்றி ரஷ்யாவுக்கு அழைத்துப் போனாள். அங்கே பட்டத்து இளவரசன் நடுப்பெண்ணைத் தேர்ந்தெடுத்தான். அவளுடைய மதம் மாறியது, பெயர் மாறியது. மூன்று வருடம் முடிவதற்குள் பிரசவத்தில் செத்துப்போனாள்.

இதில் யாருக்கு என்ன வந்தது? ஆனால் அந்த நாட்களில், வெளிநாட்டானைக் கட்டிக்கொண்டவள் என்று, ராணுவ ஆட்சியை எதிர்த்து நின்ற ஒரு பெண்மணியைப் பத்திரிகைகள் ஓயாமல் ஏசிக்கொண்டிருந்தன. அவர் பெயரை வாயால் சொல்லவே ஊர் பயந்தது. தணிக்கை அதிகாரி கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தபோதுதான் தங்கமணிக்கு அது உறைத்தது.

"மூணு ராசாத்திக மாப்பிள்ளை தேடிப் போனா ஒனக்கு ஏன் காய்ச்சல் அடிக்குது?" என்றார் கணவர் இராமையா. சிரித்தாரே தவிர, தட்டில் சோறு அப்படியே இருந்தது.

"கேலி பண்ணாதீங்க. ஒங்க பட்டறை வேலை, இந்த வீடு, எல்லாம் அவங்க கையில."

"தெரியும் தங்கம். அதனாலதான் கேலி பண்றேன்."

ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் நகரம் போய்ச் சேரும்வரை அவள் மடியிலிருந்த புத்தகத்தைத் திறக்கவில்லை.

அதிகாரி தேநீர் வரவழைத்தார், பெண்களுக்கான மரியாதைச் சொல் 'டாவ்' சேர்த்து அழைத்தார். அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"நல்லா எழுதியிருக்கீங்க, டாவ் தங்கமணி. கடைசியில ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போடுங்க. அந்நியனைக் கட்டினவளுக்கு இதுதான் கதின்னு."

அந்த வரி யார்மேல் எறியப்படும் என்று அவளுக்குத் தெரியும். பேனாவைக் கையில் எடுத்தாள். செத்துப்போன இளவரசிக்கு இருபது வயதுதான்.

"பிள்ளை வெளியே வராம செத்தா, ஐயா. உள்ளூர்ல கட்டியிருந்தாலும் அப்படித்தான் செத்திருப்பா."

"வீட்டுக்காரர் ரயில்வேல தானே?"

"ஆமா." பேனாவை மேசைமேல் வைத்தாள். "இந்தக் கட்டுரை வேணாம், ஐயா. திருப்பிக் கொடுத்துடுங்க."

அவர் திருப்பித் தரவில்லை. இழுப்பறையில் வைத்து மூடினார். போகலாம் என்று தலையசைத்தார்.

இதைத் துணிச்சல் என்று சொல்ல அவளே ஒப்பவில்லை. துணிந்தவள் பேனாவைக் கையில் எடுத்திருப்பாளா என்று கேட்பாள். அதன்பின் இதழிலிருந்து வேலை வரவில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக் காலம் ஓட்டினாள். அவளுடைய கையெழுத்துப் பிரதி அந்த இழுப்பறையிலேயே கிடந்தது. கதவு தட்டப்படும் போதெல்லாம் அதைக் கேட்டுத்தான் ஆள் வந்துவிட்டது என்று நினைப்பாள். பெரும்பாலும் பால்காரன்தான்.

2003இல் இராமையா வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். இருவரும் குடியிருப்பைக் காலி செய்துகொண்டு நகரத்துத் தாமுவே பகுதியில் ஒரு வாடகை அறைக்குப் போனார்கள். சாமான் இறக்கிய அன்று கதவு தட்டப்பட்டது. தங்கமணி பாத்திரக் கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

"இனிமே என்கிட்டேருந்து பிடுங்க வேலை இல்ல, வீடும் இல்ல," என்றார் இராமையா. "போய்த் திற."

அவள் போய்த் திறந்தாள்.