பூஜைத் தட்டில் ஆப்பிரிக்க நீலப்பூ

அன்று அவள் எவ்வளவு தின்றாள்? ஒரு முழு இலையா, ஓரத்தில் ஒரு கடியா, பூவையும் சேர்த்தா? தொலைபேசியில் நர்ஸ் கேட்ட கேள்வி இது. இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

டெக்சாஸின் ரவுண்ட் ராக்கில் எங்கள் வீட்டின் பின்வேலியோரம் ஒரு புதர் நிற்கிறது. பக்கத்துத் தெரு ஆன்ட்டி ஒடித்துக் கொடுத்த கிளையிலிருந்து வளர்ந்தது. ஐஸ் மழை பெய்த குளிர்காலத்தில் தரைமட்டமாகக் கருகி, செத்தேவிட்டது என்று நினைத்தபின் வேரிலிருந்து தளிர்த்து, அந்தப் புதுக் கிளைகளில் பூத்தது. அதன் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. எங்களுக்கு அது நீலப்பூ. சாமிக்கு வைக்கலாமா என்று மட்டும் கேட்டேன். "தாராளமா வெய்யி கண்ணு" என்றார் ஆன்ட்டி. கடையில் விற்கும் பூவில் என்ன மருந்து அடித்திருப்பார்களோ என்று எனக்குப் பயம். அதனால் தோட்டத்தில் எது பூத்தாலும் அது சாமிக்கு.

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் தட்டிலிருந்து ஒரு துளசி இலையை எடுத்து மகளின் வாயில் போடுவேன். பல் முளைத்ததிலிருந்தே பழக்கம். இப்போது அவளுக்கு மூன்று வயது. நான் தமிழில் எது கேட்டாலும் பதில் ஆங்கிலத்தில்தான் வரும். ஆனால் துளசியைக் கண்டால் 'ஆ' என்று வாயைத் திறப்பாள். அவள் அதற்கு வைத்த பெயர் சாமி லீஃப். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை நீலப்பூவை இலைகளோடு கொத்தாகக் கிள்ளித் துளசிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். கற்பூரம் காட்டி முடித்ததும் அடுப்பில் பால் வைத்தது நினைவுக்கு வந்து சமையலறைக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது அவள் தட்டின் முன் சம்மணமிட்டு எதையோ மென்றுகொண்டிருந்தாள். நாக்கெல்லாம் பச்சை.

"என்னடி சாப்பிட்ட?"

"சாமி லீஃப். இட்ஸ் யக்கி, அம்மா."

அவள் துளசியை ஒருநாளும் யக்கி என்றதில்லை. வாயை முகர்ந்தேன். தட்டிலிருந்த நீலப்பூ இலையைக் கசக்கி அதையும் முகர்ந்தேன். ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்தது போன்ற நாற்றம். இரண்டும் ஒரே நாற்றம்தான்.

விரலை விட்டுத் துழாவி, வாயைக் கழுவி, மாடியில் மீட்டிங்கில் இருந்த கணவரைக் கத்தி அழைத்து, விஷ உதவி எண்ணுக்கு போன் செய்தேன். நர்ஸ் பதறாமல் பேசினார். என்ன செடி என்றார், தெரியாது என்றேன். எவ்வளவு தின்றாள் என்றார், அதுவும் தெரியாது என்றேன். வாந்தி, மூச்சுத் திணறல், வழக்கத்துக்கு மாறான தூக்கம், இவற்றில் எது வந்தாலும் உடனே எமர்ஜென்சிக்குப் போகவேண்டும், அதற்குள் செடியின் பெயரைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்றார்.

ஆன்ட்டி போனை எடுக்கவில்லை. கணவர் புதரைப் படமெடுத்து, செடியின் பெயர் சொல்லும் ஆப்பில் போட்டார்.

"ஒரு போட்டோவுக்கு ஒரு பேர் சொல்லுது, இன்னொண்ணுக்கு வேற பேர் சொல்லுது. ஒண்ணு ஹார்ம்லெஸ், ஒண்ணு டாக்சிக்."

"அரளி வகையா இருந்தா என்னங்க பண்றது?"

"நீதானே ப்ளஸ் டூல பாட்டனி படிச்ச? நீயே பாரு."

அவர் பயத்தில்தான் அப்படிச் சொன்னார் என்பது அப்போது தெரியவில்லை. எனக்குச் சுருக்கென்றது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு புதரின் முன் நின்றேன். தண்டை ஒடித்தேன். பால் வடியவில்லை. இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக இருந்தன, ஓரத்தில் மழுங்கிய பற்கள். அரளி இலையின் ஓரம் வழவழவென்று இருக்கும். பூவில் வெளிர்நீல இதழ்கள் நான்கு சிறகு போல விரிந்திருக்க, ஐந்தாவது மட்டும் கீழே, கருநீலத்தில் ஒரு சின்னப் படகு போல. மகரந்தத் தாள்கள் மீசை போல நீண்டு வளைந்திருந்தன. ஒரு கருவண்டு வந்து அந்தப் படகில் உட்கார்ந்தது, மீசை அதன் முதுகைத் தொட்டது. எத்தனை வெள்ளிக்கிழமை பறித்திருக்கிறேன், ஒருநாளும் இதையெல்லாம் பார்த்ததில்லை. அரளி இல்லை என்பது உறுதி. ஆனால் பால் வடியாத செடியில் விஷம் இருக்காது என்று யார் சொன்னது?

ஆன்ட்டி திரும்ப அழைத்தார். "என்ன கண்ணு, இத்தனை மிஸ்ட் கால்? நான் கோவில் கிச்சன்ல இருந்தேன்."

சொன்னேன்.

"அய்யோ, புள்ள நல்லாருக்காளா? அது ப்ளூ பட்டர்ஃப்ளை புஷ்ஷுன்னு நர்சரில வாங்குனது. ஆப்பிரிக்காவுல ஆத்தோரப் பொதர்ல எல்லாம் தானா வளருமாம். எங்க வீட்டுப் பின்னால ஓடுற க்ரீக் ஓடையைப் பாத்து நைல் நதின்னு நெனச்சுக்கிடுச்சுன்னு என்ற மருமகன்கூடக் கேலி பண்ணுவாப்ல."

"சாமிக்கு வைக்கலாம்னு நீங்கதானே ஆன்ட்டி சொன்னீங்க?"

"சாமிக்குத்தானே கண்ணு சொன்னேன். சாமி திங்குதா?"

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நர்சுக்குப் பெயரைச் சொன்னேன். பெரிய ஆபத்து என்று தன்னிடம் தகவல் எதுவும் இல்லை, சின்னக் குழந்தைகள் தின்றதைப் பற்றியும் தகவல் அதிகம் இல்லை, வீட்டிலேயே வைத்துக் கவனியுங்கள் என்றார். 'அதிகம் இல்லை' என்பதை மட்டும் என் மனம் பிடித்துக்கொண்டது. நானாகவும் தேடிப் படித்தேன். ஆப்பிரிக்காவில் அதன் வேரையும் இலையையும் நாட்டு மருந்தாகக் கொடுப்பார்களாம். மருந்து என்றால் உடம்பை ஏதோ செய்யும் என்றுதானே அர்த்தம்?

மதியம் அவள் கண்களைக் கசக்கினாள். தினமும் தூங்கும் நேரம்தான். சோபாவில் சாய்ந்ததும் தூங்கிவிட்டாள். இது வழக்கமான தூக்கமா, நர்ஸ் சொன்ன தூக்கமா? மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்த்தேன். நெஞ்சில் காதை வைத்தேன். வாயோரம் எச்சில் வழிந்தது. எப்போதும் வழியுமா? நினைவில்லை.

"தூங்கட்டும் விடு. டெய்லி தூங்குற டைம்தானே?"

"எந்திரிக்கலைன்னா?"

அவர் லேப்டாப்பை மூடிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் பயம் என்று அப்போதுதான் புரிந்தது. நான் அவளை உலுக்கினேன்.

"ஸ்டாப் இட், அம்மா!" என்று காலால் உதைத்து வீரிட்டாள். அந்த உதையைப் போல நிம்மதி தந்தது வேறு எதுவும் இல்லை. தயிர்சாதம் வேண்டாம் என்று அடம்பிடித்து மேக் அண்ட் சீஸ் தின்றாள். மாலைவரை பார்த்தோம், மறுநாளும் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை துளசியை நீட்டினேன். உதட்டை இறுக மூடிக்கொண்டாள். "நோ சாமி லீஃப்." கோவிலில் அர்ச்சகர் தீர்த்தம் கொடுத்தபோதும் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். புதரை வெட்டிவிடலாம் என்கிறார் கணவர். வெட்டினால் அது வேரிலிருந்து மறுபடியும் வரும். வராவிட்டாலும், தட்டில் வைக்க நான் வேறு ஒரு பூவைத் தேடிப் போவேன்.

தட்டில் இருக்கும் இலையை நம்பி வாயில் போடக் கற்றுக்கொடுத்தது நான். இப்போது அவள் எதையும் நம்பாமல் வாயை மூடிக்கொள்வது நல்லதுதானே என்று ஒரு மனம் சொல்கிறது. சாமியிடமிருந்தே அவளை விலக்கிவிட்டேனோ என்று இன்னொரு மனம். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் நீங்கள் எந்தெந்தப் பூக்களைச் சாமிக்கு வைக்கிறீர்கள்? தட்டில் இருப்பதில் எது வாய்க்கு, எது கண்ணுக்கு மட்டும் என்பதை மூன்று வயதுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்கள்? துளசியை இப்போதைக்கு நிறுத்திவிடுவதா, அவளாகக் கேட்கும்வரை காத்திருப்பதா? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.