முப்பத்தொன்றுக்கு ஏறிய வரி

அலுவலகத்தில் அவருக்குச் ‘சதவீதம்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் பார்க்கலாம். பன்னிரண்டு நாடுகளில் கடை விரித்திருந்த அந்தக் கம்பெனியின் லாபத்தில் நூற்றுக்கு எத்தனை வரியாகப் போகிறது, போன காலாண்டைவிட ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று அரைப் பக்கம் எழுதுவார். பதினாறு வருடமாக இதே வேலை. உப்புச்சப்பில்லாத பிழைப்பு என்பாள் மனைவி. அவருக்கோ அதில் கொஞ்சம் திமிரே உண்டு. மேலே இருப்பவர்கள் மேடையில் என்ன அளந்தாலும், உள்ளே நடப்பது அந்த ஒரு எண்ணில் தெரிந்துவிடும் என்பார்.

அந்தக் காலாண்டில் இருபத்திரண்டாக இருந்த விகிதம் முப்பத்தொன்றுக்குத் தாவியது. காரணத்தைத் தோண்டினார். ஊர்க்கோடியில் இருந்த கம்பெனியின் ஆலைக்கு நாலு வருடமாக நஷ்டம். அப்படி நஷ்டப்பட்டால், பின்னால் லாபம் வரும்போது அதற்கு ஈடாக வரியைக் குறைத்துக்கொள்ளலாம். வரப்போகும் அந்தச் சலுகையைக் கம்பெனி ஒரு சொத்தாகவே ஏட்டில் வைத்திருந்தது. இப்போது அதை ஏட்டிலிருந்து அடித்துவிட்டார்கள். அடித்த தொகை முழுவதும் இந்தக் காலாண்டின் வரிச் செலவில் ஏறிவிட்டது. ஆலை இனி லாபமே பார்க்காது என்று முடிவு கட்டினால்தான் அப்படி அடிப்பார்கள். மூடப்போகிறார்கள். தங்கை புருஷன் அங்கேதான் பாய்லர் பார்க்கிறான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவன் வந்து நின்றான்.

“வேற ஒரு ஆலையில கூப்பிடறாங்க மச்சான். சம்பளம் கொஞ்சம் கம்மி. இந்த மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். உங்க ஆபீஸ்ல எங்களப் பத்தி ஏதாவது பேச்சு இருக்கா?”

வாய் திறக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவர் அவர். மீறினால் வேலை போகும், வழக்கும் வரும். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

“இருபதாம் தேதி காலாண்டு அறிக்கை வரும், மாப்பிள்ளை. அதுல வரிக் குறிப்புன்னு ஒரு அரைப் பக்கம் இருக்கும். அதைப் படிச்சுட்டு முடிவு பண்ணுங்க.”

அந்த முறை குறிப்பை நாலு தடவை திருத்தி எழுதினார். கண்ணுள்ளவனுக்கு இது போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். எழுதிவிட்டால் சொல்லிவிட்டதாக நினைக்கும் புத்தி அந்தத் தொழிலுக்கே உரியது.

இருபத்தொன்றாம் தேதி காலையில் மாப்பிள்ளை போன் செய்தான். குரலில் அப்படி ஒரு தெம்பு.

“படிச்சேன் மச்சான். பாதி புரியல. ஆனா வரி முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கே, அது புரிஞ்சுது. லாபம் கொட்டாம எவன் இவ்வளவு வரி கட்டுவான்? இப்பத்தான் அந்த ஆலைக்காரங்ககிட்ட வரலைன்னு சொல்லிட்டு வந்தேன். அவங்களும் உடனே வேற ஆள எடுத்துட்டாங்க.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். என்னவோ பதில் சொன்னார். என்ன சொன்னோம் என்று பிறகு அவருக்கே நினைவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஆலைக் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அன்று சாயங்காலம் தங்கையும் புருஷனும் வந்தார்கள். மாப்பிள்ளை தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தங்கைதான் பேசினாள்.

“மனசு விட்டுப்போய் என்னென்னமோ சொல்றாரு அண்ணா. உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்கறாரு. நான் சண்டைக்கே போயிட்டேன். தெரிஞ்சிருந்தா எங்கண்ணன் என்கிட்ட சொல்லாம இருப்பாரான்னு கேட்டேன். நீங்களே சொல்லுங்க.”

“அதானேம்மா,” என்றார் அவர்.