மகள் கேட்ட குரூப்

ஆவடி ஃபாக்டரியில் நான் டர்னர். இருபத்திரண்டு வருஷமாக லேத்தில் நின்று இரும்பு கடைகிறேன். நான் கடைந்து கொடுத்ததில் அளவு தப்பித் திரும்பி வந்தது அபூர்வம். இங்கே இவ்வளவு பெருமையாக எழுதுகிற நான், சொல்லவேண்டிய இடத்தில் சொல்லவில்லை.

பத்தாவதில் மகள் நல்ல மார்க். ப்ளஸ் ஒன்னில் கணக்கு, பிசிக்ஸ் எல்லாம் இருக்கும் ஃபர்ஸ்ட் குரூப் தாராளமாகக் கிடைக்கும். அவளோ அரசுப் பள்ளியின் தொழிற்பிரிவில் மெக்கானிக்கல்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். எங்கள் குவார்ட்டர்ஸில் தொழிற்பிரிவு என்றாலே மார்க் வராத பிள்ளைகள் போய்ச் சேருகிற இடம். கூத்து என்னவென்றால், அப்படிச் சொல்கிற அத்தனை பேரும் ஸ்பானரும் வெல்டிங் ராடும் பிடித்துச் சம்பாதிக்கிறவர்கள். பத்தாவது வரை கணக்கு எல்லோருக்கும் கட்டாயமாம்; கையால் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யக் கற்பது மட்டும் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாமாம். நானும் அதையேதான் பேசிக்கொண்டிருந்தேன்.

சேர்க்கை அன்று அவள் படிவத்தை நிரப்பிக் கையெழுத்துக்கு நீட்டினாள். நான் மெக்கானிக்கலை அடித்துவிட்டு, ஃபர்ஸ்ட் குரூப் என்று எழுதி, டீச்சரிடம் கொடுத்தேன். அவர் அடித்திருந்ததையும் குவார்ட்டர்ஸ் முகவரியையும் பார்த்தார்.

"பாப்பா வேற கேட்டிருக்குதே சார்? நல்ல குரூப்தான் அது. நீங்க ஃபாக்டரில என்னவா இருக்கீங்க?"

பின்னால் நீள வரிசை.

"ஆபீஸ்ல மேடம்" என்றேன். சீ, எவ்வளவு சுளுவாக வந்தது அந்தப் பொய்! பக்கத்தில் நின்ற மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வெளியே வந்து பைக்கை எடுத்தேன். அவள் ஏறவில்லை.

"டர்னர்னு சொன்னா இன்னாப்பா? அத்தக் கத்துக்கத்தான நானே வந்தேன்?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் கண் கலங்கிக் கேட்டாள். எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

திரும்பிப் போய் மாற்றி எழுதிக் கொடுத்திருக்கலாம். டீச்சர் மேசை இருபதடி தூரத்தில்தான் இருந்தது. ஆனால் போனால், ஏன் மாற்றுகிறீர்கள் என்று டீச்சர் கேட்பார்; அத்தனை பேர் முன்னால் நான் டர்னர் என்று சொல்லவேண்டியிருக்கும்.

"ஏறும்மா, நேரமாச்சு" என்றேன்.