வெட்டாத பிலிம்

கமலாசனி அக்காவைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகச் சொல்வார்கள். வாய்க்காரி என்பது ஒன்று. நல்ல படக்காரி என்பது மற்றது. இரண்டும் உண்மைதான். பக்கத்துக் கடையில் பதினொரு வருசமாகத் தையல் மெசின் மிதிக்கிறவன் நான், எனக்குத் தெரியாததா? எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர் மட்டுந்தான். அக்கா அந்தப் பக்கம் குரல் எடுத்தால் இந்தப் பக்கம் என் நூல் அறும்.

புதுக்குடியிருப்புச் சந்தைக்குக் கிட்ட அந்தப் போட்டோ ஸ்ரூடியோவைத் தொடங்கியவர் அக்காவின் புருசன் அப்புத்துரை. எழுபத்தெட்டில் அவர் பஹ்ரேனுக்குப் போகும்போது, கடையைப் பூட்டிச் சாவியை உன் தமையனிடம் கொடு என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். பொம்பிளை படம் பிடித்தால் யார் வரப்போகிறார்கள் என்று சிரித்த ஆட்களே ஆறு மாதத்தில் தங்கள் பெட்டைகள் பெரியபிள்ளையானதற்கு வைக்கிற சாமத்தியவீட்டுக்கு அவரைத் தேடி வந்தார்கள். பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கிற இடத்துக்கும் சீலை உடுத்துகிற அறைக்கும் ஆம்பிளைப் படக்காரன் போக முடியுமா? அக்கா போவார். போய், அங்கே கூடிநிற்கிற கிழவிகளையும் விலகச் சொல்லி அதட்டுவார்.

எண்பதாம் ஆண்டு ஆவணியில் அக்காவின் தமையன் ஐயாத்துரை தன் மகளுக்குச் சாமத்தியவீடு வைத்தார். அவர் அரிசி ஆலைக்காரர். எங்கள் பக்கத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். அறுபது பேருக்குச் சாப்பாடு. அக்காவின் யாஷிக்கா கமெராவில் ஒரு பிலிமுக்குப் பன்னிரண்டு படம். வளவுக்குள் மகளை நிறுத்தி ஐந்தாவது படத்தை எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது, மேற்கே பனைகளுக்கு மேலால் கரும்புகை எழும்பி நின்றதாம்.

கச்சான் காற்று பேய்த்தனமாக அடிக்கிற மாதம். புகை எழும்பிய காட்டோரத்தில் இருபது குடும்பங்கள் இருந்தன. எழுபத்தேழு கலவரத்தில் தேயிலைத் தோட்டங்களில் அடிவாங்கி, சட்டி பானையும் பிள்ளைகளுமாக வந்து, பற்றை வெட்டிக் குடிசை போட்ட சனங்கள். அக்கா பட்டுச் சீலையோடே என் கடைக்கு ஓடிவந்து, சைக்கிளை எடு என்றார். நெருப்புக்குப் போயா படம் பிடிக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். இல்லை, குளிர் காயப் போகிறேன் என்றார். இந்த மனுசியோடு என்ன கதைக்கிறது! கரியரில் ஏற்றிக்கொண்டு இரண்டு மைல் மிதித்தேன்.

அங்கே போய்ப் பார்த்தால் ஐயோ என்று வந்தது. காடு முழுவதும் சடசடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. தீயணைக்கிற வண்டி என்று ஒன்றை எங்கள் பக்கத்தில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. தீயணைக்க நின்றவர்கள் அந்தச் சனங்கள்தான். பெண்கள் சீலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு பச்சைக் கொப்பாலும் நனைத்த சாக்காலும் நெருப்பை அடித்தார்கள். ஆண்கள் மண்வெட்டியால் குடிசைகளுக்கு முன்னே இரண்டு பாகம், பன்னிரண்டு அடி, அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி வெறும் நிலமாக்கிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு கொப்பை முறித்தேன். அக்கா கமெராவுக்குள் குனிந்து நின்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதை வைத்துவிட்டு நாலு அடி அடியுங்கள் என்று கத்தினேன்.

"கொப்படிக்க நாற்பது பேர் நிக்கினம், சிவராசா. நாளைக்கு, இவையள்தான் அணைச்சவை எண்டு சொல்ல ஆர் நிக்கினம்?"

சொல்லிவிட்டு நெருப்புக்கு இன்னும் கிட்டப் போனார். முன்மயிர் பொசுங்கியது. கண்ணால் தண்ணீர் ஓடியது. ஏழு படந்தான் மிச்சம் என்பதால் ஒவ்வொன்றையும் பொறுத்துப் பொறுத்து எடுத்தார். ஆறாவதில் மரங்களுக்கு மேலே நெருப்பு. ஏழிலும் எட்டிலும் சாக்கால் அடிக்கிற பெண்கள். ஒன்பதில் ஒரு கிழவன் குடத்தைத் தன் தலையிலேயே கவிழ்த்துக்கொண்டு திரும்ப ஓடுகிறான். பத்தில் மண்வெட்டிக்காரர்.

அப்போதுதான் பழனியாண்டி என்கிற மனிதர் ஒரு காய்ந்த ஓலையைச் சுருட்டிக் கொளுத்திக்கொண்டு, செதுக்கிய நிலத்தைத் தாண்டிக் காட்டுப் பக்கம் போனார். ஆளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். தோட்டத்து மலையில் கோடைக்குக் கோடை மானாப்புல் எரியுமாம். வருகிற நெருப்புக்கு எதிரே இன்னொரு நெருப்பை வைத்து, அதற்குத் தின்ன ஒன்றும் இல்லாமல் செய்வது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வேலையாம். அது எங்களுக்குத் தெரியாது.

"அம்மா, இந்தச் செதுக்குன நெலத்த விட்டு அங்கிட்டு இங்கிட்டு நகராதீங்க. இப்ப ரெண்டும் மோதும்" என்றார் அக்காவிடம்.

மோதியது. அந்தக் கணத்துக்கு முன், பந்தத்தைப் புல்லில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிற பழனியாண்டியை அக்கா பதினோராவது படமாகப் பிடித்தார். பன்னிரண்டாவதில் புகைதான் விழுந்தது. பின்னேரத்துக்குள் நெருப்பு படுத்துவிட்டது. இரண்டு குடிசை போனது. உயிர் ஒன்றும் போகவில்லை.

இனி நான் செய்த மடவேலையைச் சொல்ல வேண்டும். பதினோராவது படம் கழுவி வந்தபோது நான் வாயைப் பிளந்துவிட்டேன். என்ன முகம் அது! இதைப் பெருப்பித்து முன்கண்ணாடிக்குள் வையுங்கள், ஊர் பார்க்கட்டும் என்று அக்காவை நச்சரித்தவன் நான்தான். வைத்தார். ஊர் பார்த்தது. ஊரோடு சேர்ந்து பொலிசும் பார்த்தது. காட்டைக் கொளுத்துகிறவன் கையும் பந்தமுமாக நிற்கிற படம் கண்ணாடிக்குள் தொங்கினால் அவர்களுக்கு வேறு என்ன வேண்டும்? பழனியாண்டியைக் கொண்டுபோய் மூன்று நாள் வைத்திருந்து அடித்துவிட்டுத்தான் விட்டார்கள்.

அதோடு முடியவில்லை. காணி பிடிக்கக் காட்டுக்கு நெருப்பு வைத்தார்களா என்று விசாரிக்கப் பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார், ஓம் என்று கண்டால் இருபது குடும்பத்தையும் கிளப்பிவிடுவார்கள் என்று அந்தச் சனங்களுக்குக் கடிதம் வந்தது. நெருப்புத் தொடங்கின நேரம் தான் ஐயாத்துரை ஐயா வீட்டில் விறகு கொத்திக்கொண்டு நின்றதாகப் பழனியாண்டி பொலிசில் தலையில் அடித்துச் சொல்லியிருக்கிறார். ஐயாத்துரையிடம் கேட்டார்கள். அன்றைக்கு அவன் என் வளவுக்கு வரவே இல்லை என்றார். அறுபது பேர் இலை போட்டுச் சாப்பிட்ட வீடு அது. ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லையாம். அந்தக் குடிசைகள் நிற்கிற வாய்க்கால் கரைக் காணியைத் தனக்குத் தரச்சொல்லி ஐயாத்துரை ஏற்கெனவே அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டிருந்தார் என்பது மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

இதைக் கேட்டதும் அக்கா பால்மா ரின் ஒன்றைத் திறந்து பிலிமை எடுத்தார். மற்றப் படக்காரர்கள் பிலிமைத் துண்டு துண்டாக வெட்டி உறைக்குள் போடுவார்கள். அக்கா வெட்டமாட்டார். வெட்டினால் எதற்குப் பிறகு எது என்று தெரியாமல் போய்விடும் என்பார். முழுப் பிலிமையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் அப்படியே வாங்குப் பலகையில் இருந்துவிட்டார். ஐந்தாவது படத்தில் நடுவே தமையன் மகள். பின்னால் பனைகளுக்கு மேலே புகை. இடது ஓரத்தில் விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் கோடரியும் கையுமாகப் புகையைத் திரும்பிப் பார்க்கிற பழனியாண்டி.

அல்பத்துக்குக் கழுவிக் கொடுத்த படத்தில் அவர் இல்லை. அந்த ஓரத்துக்குக் கறுத்தக் கடதாசி வைத்து மறைத்துத்தான் அக்கா கழுவியிருந்தார். எல்லாப் படக்காரரும் செய்கிறதுதான். தண்ணீர் அள்ளுகிறவர், சோற்றுக் கிடாரத்தடியில் நிற்கிறவர், விறகு கொத்துகிறவர் ஒருத்தரும் அல்பத்துக்குள் வரக்கூடாது. ஆர் எவர் என்று முகத்தைப் பார்க்காமலே மறைக்கிறது.

"நானல்லோ அந்த மனுசனை அழிச்சனான்" என்றார் அக்கா. அவர் அழுது நான் கண்டது அந்த ஒரு நாள்தான்.

கதை எப்படியோ ஐயாத்துரையின் காதுக்குப் போய்விட்டது. அடுத்த நாள் காலை ஸ்ரூடியோவுக்குள் வந்து கதிரையை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. நான் மெசினை நிறுத்திவிட்டேன். ஒட்டுக் கேட்டதுதான், அதற்கென்ன? முதலில் ஆறுதலாகத்தான் கதைத்தார். குமர்ப்பிள்ளையின் படத்தைப் பொலிசும் அதிகாரியும் கையில் வைத்துப் பார்ப்பதா என்றார். பிறகு குரல் ஏறியது.

"ஆரோ தோட்டக்காட்டானுக்காக என்ரை பிள்ளையை விசாரணையிலை விரிச்சுக் காட்டப் போறியோ? அந்த ஒரு படத்தை வெட்டி என்ரை கையிலை தா."

"வெட்டமாட்டன், அண்ணை."

"அப்ப இண்டையோடை எனக்குத் தங்கச்சி இல்லை. நான் செத்தாலும் நீ என்ரை படலை திறக்கக்கூடாது."

"சரி, திறக்கேல்லை. நீங்கள் பார்த்துப் பார்த்துக் கொத்துவிச்ச விறகு, அண்ணை. உங்களுக்குத் தெரியும், அவர் அங்கை நிண்டவர். எனக்கும் தெரியும். பிலிம் என்ரை கையிலை கிடக்கு. ஏலுமெண்டால் பறிச்சுப் பாருங்கோ."

கதிரை விழுகிற சத்தம் கேட்டது. நான் கத்தரிக்கோலோடே ஓடிப்போய் வாசலில் நின்றேன். அவர் என்னைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

விசாரணை பள்ளிக்கூடத்து மண்டபத்தில் நடந்தது. முன்வரிசைக் கதிரையில் ஐயாத்துரை. பின்னால் நிலத்தில் இருபது குடும்பமும். தன் பிள்ளையின் படம் வரப்போகிறது என்று ஐயாத்துரையின் மனைவி விமலேஸ்வரியும் வந்து பெண்கள் பக்கத்துக் கதவடியில் நின்றார். சபையில் வாய் திறக்காத மனுசி அவர். சாட்சி சொல்லச் சொல்லி அக்கா அவரிடம் ஒரு சொல்லும் கேட்டிருக்கவில்லை.

அக்கா பிலிமை யன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்தார். அதிகாரி கையை நீட்ட, இல்லை, என் கையில் இருக்கட்டும், நீங்கள் பாருங்கள் என்றார். ஐந்தில் புகையும் கோடரிக்காரரும், ஆறிலிருந்து பத்து வரை நெருப்பும் அணைக்கிறவர்களும், அதற்குப் பிறகுதான் பதினொன்றில் பந்தம் என்று விரல் வைத்துக் காட்டினார். முழுதாகக் கழுவிய படங்களையும் மேசையில் வைத்தார். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு ஐயாத்துரையைக் கேட்டார்.

ஐயாத்துரை எழும்பினார். அந்தப் படம் சடங்குக்கு முதல்நாள் எடுத்தது என்றார். புகை தன் ஆலையில் உமி எரித்த புகை என்றார். சடங்கு நாளில் அந்த ஆள் வரவில்லை என்று திரும்பவும் சொன்னார். எவ்வளவு நெஞ்சழுத்தம்! அதிகாரி பேனையைத் திறந்தார். நிலத்தில் இருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். கண்ணாடிக்குள் அந்தப் படத்தை வைக்கச் சொன்ன என் வாயை நானே கிழிக்க வேண்டும் போலிருந்தது. அக்கா மட்டும் நீட்டிய கையை மடக்கவில்லை.

"இஞ்சாருங்கோ" என்று கதவடியில் ஒரு குரல் கேட்டது.

விமலேஸ்வரி அதிகாரியைப் பார்க்கவில்லை. புருசனைத்தான் பார்த்தார்.

"பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்க முதல்தானே புகை எழும்பினது. அந்த மனுசன் கோடரியைப் போட்டிட்டு, வேலையை விட்டிட்டு எப்பிடி ஓடுறது எண்டு தெரியாமல் உங்களைப் பார்த்துக்கொண்டு நிண்டது. நீங்கள்தானே சொன்னியள், விறகு கிடக்கட்டும், ஓடிப்போய் உன்ரை பிள்ளையளைப் பார் எண்டு. அது நல்ல வார்த்தை. ஏன் அதை இல்லையெண்டு சொல்லுறியள்?"

ஐயாத்துரை மனைவியைப் பார்த்தார், தங்கையின் கையைப் பார்த்தார். கடைசியாகத் திரும்பிப் பின்னால் நிலத்தில் இருந்த பழனியாண்டியைப் பார்த்தார். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொள்ளவில்லை.

"ஓம்" என்றார் ஐயாத்துரை. "சொன்னனான்."

அதிகாரி, சத்தமாகச் சொல்லுங்கள், எழுத வேண்டும் என்றார். அவர் சத்தமாகச் சொன்னார்.