முட்டியைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடு என்றேன்

மூன்று வருடங்களுக்கு முந்தைய குளிர்காலம். அமீரகத்தில், துபாயிலிருந்து மலைப்பக்கமாக ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் வருகிற ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு விளையாட்டுக் கிளப்பில் நான் வேன் டிரைவராக இருந்தேன். கிளப்பின் பெயரெல்லாம் வேண்டாம். சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

எனக்கு அரியலூர் பக்கம். விளையாட்டு என்றால் எனக்குக் கபடி தெரியும். பாஸ்கட்பால் என்றால் உயரமான ஆட்கள் கூடையில் பந்து போடுவது, அவ்வளவுதான். ஆட்டக்காரர்களை ஏற்றி இறக்குவேன். தண்ணீர்ப் பெட்டி தூக்குவேன். ஆட்டம் நடக்கும்போது பெஞ்சுக்குப் பின்னால் அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்திருப்பேன்.

அந்த வருடம் ஒரு தமிழ்ப் பையன் டீமில் வந்து சேர்ந்தான். சம்பளத்துக்கு ஆடுகிற தமிழனை அங்கே நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கீழக்கரைக் குடும்பம், ஆனால் பிறந்தது வளர்ந்தது எல்லாம் துபாய். அவன் வாப்பா பர் துபாயில் அடுத்தவர் கடிகாரக் கடையில் சேல்ஸ்மேன். பையனுக்கு வயது தாண்டிவிட்டதால் வாப்பாவின் விசாவில் இருக்க முடியாது. கிளப் கொடுத்த விசாவில்தான் அவன் பிறந்த ஊரிலேயே இருந்தான். கிளப் வேண்டாம் என்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பிறந்த மண்ணில் நிற்பதற்கு ஒரு மேனேஜரின் தயவு வேண்டும். இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டீமில் அவன் கார்டு. பந்தைத் தட்டிக்கொண்டு முன்னால் போய், மற்றவர்களுக்கு வழி உண்டாக்கிக் கொடுக்கிற வேலை. கூடையில் போட்டவனுக்குத்தான் கைதட்டல். கொடுத்தவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எனக்கும் அவனுக்கும் பக்கத்துப் பக்கத்து ரூம், கோர்ட்டை ஒட்டியே. வந்த முதல் வாரமே சண்டை. விடியற்காலைத் தொழுகை முடிந்த கையோடு கோர்ட்டில் பந்தைத் தட்ட ஆரம்பித்துவிடுவான். சத்தம் நேராக என் தலையணைக்குள் வரும். ஒருநாள் லுங்கியோடு போய் நின்றேன்.

"டேய், மனுஷன் தூங்க வேணாமா?"

"சாரிண்ணே. இந்த லெஃப்ட் ஹேண்ட் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

"அதுக்கு என் தூக்கத்தையா கெடுப்ப?"

"வேணும்னா உங்களுக்கும் சொல்லித் தர்றேன். ரெண்டு பேரும் தூங்காம இருக்கலாம்."

திட்டத்தான் போனேன். சிரித்துவிட்டுத் திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு அந்தச் சத்தம்தான் எனக்கு அலாரம். அது கேட்டதும் எழுந்து டீ போடுவேன், அவனுக்கும் சேர்த்து.

கிளப் வேலையில் ஒரு கேவலம் உண்டு. யாருக்கு வேலை போகிறது என்பது முதலில் டிரைவருக்குத்தான் தெரியும். வெளிநாட்டு பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு டீமில் இருந்ததே சில இடங்கள்தான். புது ஆளைக் கூட்டி வர ஏர்போர்ட்டுக்கு வேன் போகிறது என்றால், பழைய ஆள் ஒருவன் போகிறான் என்று அர்த்தம். பழைய ஆளுக்கு அது தெரியாது. சிரித்துக்கொண்டே குட்மார்னிங் சொல்வான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைப்பேன்.

அன்றைக்கு எங்கள் கோர்ட்டிலேயே சாயங்கால மேட்ச். மத்தியானம் மேனேஜர் போன் செய்தான்.

"பாய், அந்தத் தமிழ்ப் பையன் கலாஸ், அவன் வேலை முடிஞ்சுது. நாளைக்குக் காலையில ஏர்போர்ட் போ, புது கார்டு வர்றான். மேட்ச் முடிஞ்சதும் பையன்கிட்ட ரூம் சாவி வாங்கிடு. இப்போ எதுவும் சொல்லாதே, ஆடட்டும்."

இந்தியில் இதைச் சொல்லிவிட்டு என் பதிலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. என் போன் என்பதால் எறியவில்லை.

சொல்லாதே என்றால் சொல்லாமல் இருக்க நான் என்ன வேனில் இருக்கும் ஸ்டெப்னியா? நேராக அவன் ரூமுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து கணுக்காலில் டேப் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். அவன் கை அப்படியே நின்றது.

"யாருண்ணே வர்றது?"

"எவனோ ஒருத்தன். ஆப்பிரிக்காக்காரனாம், யூரோப்ல ஆடினவனாம். அத விடு. நான் ஒண்ணு சொல்றேன், கேளு."

நான் சொன்னது இதுதான். ஆட்டத்தில் அடிபட்ட ஆளை வைத்தியம் முடிகிற வரை கிளப் அனுப்ப முடியாது. கான்ட்ராக்டிலேயே அப்படி இருந்தது. சம்பளம், விசா எல்லாம் ஓடும். இந்த வித்தையைச் செய்து பல மாதம் தள்ளிய ஆட்களை நானே வீல்சேரில் வைத்துத் தள்ளியிருக்கிறேன். வேனுக்குள் ஏறியதும் காலை ஆட்டிக்கொண்டு பாட்டுக் கேட்பார்கள்.

"எவனாவது இடிச்சதும் விழு. முட்டியைப் புடிச்சிக்கிட்டுப் படுத்துடு. எந்திரிக்காத. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

அவன் டேப்பைச் சுற்றி முடித்தான். "வாப்பாவுக்கு இப்பச் சொல்லாதீங்கண்ணே. கடையில கஸ்டமர் இருப்பாங்க" என்று மட்டும் சொன்னான். சம்மதம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

மேட்ச் ஆரம்பித்தது. நான் தண்ணீர்ப் பெட்டி மேல் உட்கார்ந்து அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனோ விழுகிற மாதிரியே தெரியவில்லை. அப்படி ஓர் ஆட்டத்தை அவன் அதுவரை ஆடியதில்லை. வலது பக்கம் பார்த்துக்கொண்டே இடது பக்கம் பந்தைக் கொடுத்தான். காலையில் என் தூக்கத்தைக் கெடுத்த அதே இடது கை. எங்கள் கேப்டன் உள்ளூர்க்காரர், நல்ல மனிதர், ஆனால் ஓட்டம் கம்மி. அவர் எங்கே போய் நிற்பார் என்று இவன் முன்கூட்டியே தெரிந்து அங்கே பந்தை அனுப்பினான். நாளைக்கு வேலை இல்லை என்று தெரிந்த ஒருவன் இப்படி அடுத்தவனுக்கு வாரிக் கொடுப்பானா என்று எனக்கு எரிச்சல்.

பாதி ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் அது நடந்தது. எதிர் டீமின் தடியன் ஒருவன் இவனை இடித்தான். இது நடிப்பு இல்லை. உண்மையான இடி. பையன் பறந்துபோய் விழுந்தான். முட்டி தரையில் மோதிய சத்தம் எனக்கே கேட்டது. ஹால் முழுக்க எழுந்து நின்றது. வைத்தியம் பார்க்கிறவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மேனேஜர் முகம் சுண்டிப்போனது. கான்ட்ராக்ட் அவனுக்கும் தெரியும் அல்லவா.

நான் உள்ளுக்குள் கத்தினேன். படுத்துக்கடா. பொய் சொல்ல வேண்டிய பாவம்கூட இல்லை உனக்கு. அப்படியே படுத்துக்க.

அவன் முட்டியைப் பிடித்துக்கொண்டு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். பெட்டி மேல் நான் எங்கே உட்கார்ந்திருப்பேன் என்று அவனுக்குத் தெரியும். நான் கையைக் கீழே அமுக்கிச் சைகை காட்டினேன், அப்படியே இரு என்று. அவன் காலை ஒரு தடவை நீட்டினான். ஒரு தடவை மடக்கினான். பிறகு வைத்தியர் கையைத் தட்டிவிட்டு எழுந்தான். இடி வாங்கியவன் கூடைக்கு எறிகிற கோட்டுக்குப் போய் நின்றான். பந்துக்காகக் கையைத் தட்டினான்.

அந்த நிமிடம் அவனை அறையலாம் போல இருந்தது எனக்கு.

ஜெயித்தோம். மேனேஜர் ஓடிவந்து அவனைக் கட்டிப்பிடித்தான், முதுகில் தட்டினான். தட்டிக்கொண்டே அவன் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துக் கையைத் திருகிக் காட்டினான். சாவி. இதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன், மன்னிக்கவும் மாட்டேன்.

வெளியே வேன் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன்.

"எந்திரிச்சு என்னத்தடா கிழிச்ச? கடவுளாப் பாத்து உன்னத் தள்ளி வுட்டாரு. அதையும் கெடுத்துக்கிட்டியே!"

"வலிச்சுச்சுண்ணே."

"வலிச்சா படுக்க வேண்டியதுதானே?"

"மடக்கிப் பார்த்தேன். ஓட முடிஞ்சிச்சு. ஓட முடியறப்ப எப்படிண்ணே படுத்திருக்கறது?"

பெரிய பேச்சு மாதிரி சொல்லவில்லை. பசிக்கவில்லை, அதனால் சாப்பிடவில்லை என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான். நான் கேட்பதற்கு முன்பே சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டான். "காலையில ஏர்போர்ட்டுக்கு நானும் வர்றேன்ண்ணே. அப்படியே என்னை பர் துபாய்ல இறக்கிடுங்க."

காலையில் ஒரு பை, ஒரு பந்து, அவ்வளவுதான் அவன் சாமான். வழியெல்லாம் எனக்குப் பயம். வருகிற ஆளிடம் வம்பு பண்ணுவானோ என்று. நானாக இருந்தால் பண்ணியிருப்பேன்.

ஏர்போர்ட்டில் நான் பெயர் அட்டையை எடுத்தேன். அவன் அதை வாங்கிப் படித்தான். "நீங்க இந்தப் பேரைக் கூப்பிட்டா அந்த ஆளு ரிட்டர்ன் ஃபிளைட் ஏறிடுவாருண்ணே" என்று சொல்லிவிட்டு அட்டையைத் தானே பிடித்துக்கொண்டு நின்றான். தன் இடத்துக்கு வருகிறவனின் பெயரைத் தன் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றான் என்றால் நம்புவீர்களா? நான் பார்த்தேன்.

வந்தவன் நெடுநெடுவென்று இருந்தான். களைத்துப்போயிருந்தான். வேனில் இருவரும் பின் சீட்டில் உட்கார்ந்தார்கள். பையன் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தான். எனக்கு ஓரளவு புரிந்தது. கேப்டனுக்கு இடுப்பு உயரத்துக்குக் கொடு, மேலே கொடுத்தால் நழுவவிடுவார். கோச் கத்துவார், மனதில் வைத்துக்கொள்ள மாட்டார். கதவுப் பக்கம் தரை வழுக்கும், அங்கே திரும்பாதே. காலையில் பிராக்டிஸ் பண்ணினால் டிரைவர் அண்ணன் திட்டுவார், ஆனால் டீ தருவார்.

வந்தவன் சிரித்தான். "நீ இந்தக் கிளப்பில் என்ன வேலை பார்க்கிறாய்?" என்று கேட்டான்.

"நேற்று வரைக்கும் உன் வேலை" என்றான் இவன்.

கண்ணாடியில் பார்த்தேன். அந்த நெட்டைக்காரன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. அவனுக்கும் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. பிறகு கையை நீட்டினான். பையன் பிடித்துக் குலுக்கினான். பர் துபாயில் இறங்கும்போது முட்டி வீங்கியிருந்ததால் காலைத் தாங்கித் தாங்கித்தான் நடந்தான். அப்போதுதான் எனக்கு எவ்வளவு வலி என்று தெரிந்தது. நான் வண்டியை எடுக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஹாரன் அடித்தவனைக் கண்டபடி திட்டினேன். வேறு என்ன செய்ய?

விசா கேன்சல் ஆனது. கீழக்கரைக்குப் போனான். லீவுக்கு மட்டும் பார்த்த ஊர். அங்கே ஒரு பள்ளிக்கூட சிமெண்ட் தரையில் தனியாகத் தட்டிக்கொண்டிருப்பதாக வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்புவான். பின்னால் அதே பந்துச் சத்தம்.

பிறகு மஸ்கட்டிலிருந்து அழைப்பு வந்தது. அன்றைக்கு எதிர் டீமுக்குக் கோச்சாக இருந்தவர் அங்கே ஒரு கிளப்புக்கு மாறியிருந்தார். விழுந்து எழுந்தானே, அந்தப் பையனைக் கொண்டு வாருங்கள் என்று கேட்டாராம். நான் சொன்னபடி படுத்திருந்தால் சில மாதம் சம்பளம் கிடைத்திருக்கும். அந்தக் கோச் ஒரு நொண்டியைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார். பையன் மஸ்கட்டில் ரூவி பக்கம் ரூம் போட்டுக்கொண்டு ஒரு சீசன் ஆடினான். இப்போது சவூதியில், தம்மாமில் ஆடுகிறான். அவனை அனுப்பிய எங்கள் மேனேஜரும் பிறகு மாற்றப்பட்டான் என்று கேள்வி. அந்த மேனேஜரை ஏர்போர்ட்டில் இறக்கிவிட அப்போது நான் அந்தக் கிளப்பில் இல்லாமல் போனேனே என்பதுதான் வருத்தம்.

போன மாதம் ரூமில் படுத்துக்கொண்டு அவன் மேட்சைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவன் இடித்தான். பையன் விழுந்தான். அதே முட்டி. என்னை அறியாமல் எழுந்து உட்கார்ந்து, "எந்திரிடா! எந்திரி!" என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர் பதறிப்போய், "யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். நான் போனையே பார்த்தேன். காலை நீட்டினான், மடக்கினான், எழுந்து ஓடினான்.

படுத்துக்கொள் என்று அன்றைக்குச் சைகை காட்டிய அதே ஆளை, எழுந்திரு என்று கத்துகிறவனாக ஒரு சின்னப் பையன் மாற்றிவிட்டான், அதை நினைக்கும்போது மட்டும்தான் எனக்கு யார் மேலும் கோபம் வருவதில்லை.