காகிதத்தில் இல்லாத நாய்

என் அம்மா சால்வோர், ரெய்க்யவிக் துறைமுகத்து மீன் கொட்டகையில் முப்பது வருஷம் மீன் அறுத்தாள். பேப்பரில் அவள் படம் வந்ததில்லை. ஆனால் நகரச் சட்டத்தை மீறிப் பதிமூன்று வருஷம் ஒரு நாய் வளர்த்தாள். அதற்காக எனக்குத் துளியும் வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் அந்தச் சட்டத்தைப் போட்டவர்கள்.

அப்போது எங்கள் நகரத்துக்குள் நாய் கூடாது. பிடிபட்டால் கொன்றுவிடுவார்கள். ஆட்டுப் பண்ணையிலிருந்து பிழைக்க வந்தபோது, அம்மா உருளைக்கிழங்குச் சாக்கில் ஒரு குட்டியைப் போட்டுக்கொண்டு வந்தாள். அதன் பெயர் ப்ரூசி. அப்பா கடலுக்குப் போன நாட்களில் அது என் கட்டிலில் படுக்கும். அவர் வீட்டில் இருந்தாலும் என் கட்டிலில்தான் படுக்கும்.

சாது என்று நினைத்துவிடாதீர்கள், அது சரியான எமகாதகன். யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போவது எங்கள் வழக்கம். ப்ரூசிக்கு அது கல்யாண விருந்து. ஜோடியாகத் தூக்காது, ஒற்றையைத்தான் தூக்கும். நான் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துக் கிடப்பேன்.

எனக்கு ஒன்பது வயது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் ஊரே புளிக்க வைத்த திருக்கை மீன் சமைத்துக்கொண்டிருந்தது. கீழ்வீட்டு ஸ்டைன்தோர் படிக்கட்டு ஜன்னலில் தொங்கவிட்டிருந்த திருக்கையை ப்ரூசி தின்று தீர்த்துவிட்டது. மனிதர் உடனே போலீசுக்குப் போன் செய்துவிட்டார்.

வண்டிச் சத்தம் கேட்டதும் அம்மா என்னையும் ப்ரூசியையும் பரண் படிக்கு விரட்டினாள். யால்டி என்ற இளம் போலீஸ்காரர் வந்தார். போலீசானாலும் பூட்ஸைக் கழற்றாமல் உள்ளே போக முடியுமா? கழற்றி வைத்துவிட்டுத்தான் போனார். எங்கள் வீட்டிலும் திருக்கை கொதித்துக்கொண்டிருந்தது. அந்த நாற்றத்தில் நாய் வாடை எங்கே தெரியும்? கட்டிலுக்கடியில், அலமாரியில் எல்லாம் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். அதற்குள் ப்ரூசி என் பிடியிலிருந்து நழுவிக் கீழே போய்த் திரும்பி வந்துவிட்டது.

"சால்வோரக்கா, இங்கதான கழட்டி வச்சேன்? ஒரு பூட்ஸக் காணோமே!"

மேலே நறநறவென்று சத்தம் கேட்டது. அவர் அண்ணாந்து பார்த்தார். நான் ப்ரூசியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அம்மா ஏதாவது பொய் சொல்லுவாள் என்று காத்திருந்தேன்.

"நாய்தான். எங்க வீட்டு நாய். போய்ப் பிடிச்சுக்க. நான் உள்ள தேடிக்கிட்டிருந்தேன், அது வெளிய என் பூட்ஸத் தின்னுக்கிட்டிருந்துச்சுன்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடு. உன் கூட்டாளிங்க அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் சிரிக்கட்டும்."

"மிரட்டுறீங்களாக்கா?"

"ஆமா, மிரட்டத்தான் செய்றேன். மேல என் பொண்ணு அதக் கட்டிப்புடிச்சு நடுங்கிக்கிட்டிருக்கா. அவ கையிலேர்ந்து பிடுங்கிட்டுப் போக முடியுமா உன்னால?"

யால்டி வெறும் காலுறையோடு படியில் உட்கார்ந்தார். பிறகு நோட்டை எடுத்து, 'இந்த வீட்டில் நாய் இல்லை' என்று எழுதி, அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அப்பாவின் பழைய பூட்ஸை மாட்டிக்கொண்டு போனார்.

நான் துள்ளிக் குதித்தேன். அம்மா குதிக்கவில்லை. "இருக்கிற உசுர இல்லன்னு கையெழுத்துப் போட்டுட்டேனேடி," என்றாள். வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ப்ரூசி கிழடாகி, என் கட்டிலிலேயே செத்த அன்றும் அதைத்தான் சொன்னாள்.

அதற்கு மூன்று வருஷம் கழித்து, எண்பத்து நான்கில், அனுமதி வாங்கினால் நாய் வளர்க்கலாம் என்றார்கள். அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு நகர அலுவலகத்துக்குப் போனாள்.

"நாய் எங்கம்மா?" என்றாள் மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்.

"செத்து மூணு வருஷமாச்சு."

"அப்புறம் எதுக்கு அனுமதி?"

"அனுமதி யாருக்கு வேணும்? பேரு ப்ரூசி. இந்த நகரத்துக்குள்ள பதிமூணு வருஷம் இருந்துச்சு. அத எழுது."

"அதுக்கு இதுல எடமே இல்லையேம்மா."

"ஓரத்துல எழுது. நான் நிக்கிறேன்."

அலுவலகம் மூடும்வரை நின்றாள். கடைசியில் அந்தப் பெண் எழுதினாள்.