வெட்டுக்கூலி

தொழிற்சாலையில் அவளுக்கு எசப்பாட்டு என்று பெயர். மேஸ்திரி ஒன்று சொன்னால், பதிலுக்கு ஒன்று சொல்லாமல் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் பூட்ஸின் மேல்தோலை அடித்தோலோடு சேர்த்துத் தைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. கைக்காக வாயைப் பொறுத்துக்கொண்டார்கள்.

நல்ல காலத்தில் என்ன ஆட்டம்! முதலாளி கடன் வாங்கிப் புது மிஷின்களை இறக்கினார். கொத்தனாரான அவள் தம்பி கடன் வாங்கிப் பங்கு வாங்கினான். விலை ஏற ஏற அவனுக்குத் தலைகால் புரியவில்லை, கரண்டியைத் தொடவே மறுத்தான். இவள் இரண்டு ஷிப்டு தைத்தாள். இத்தனை பூட்ஸையும் யார் வாங்கப்போகிறார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எசப்பாட்டே கேட்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு பங்கு விழுந்தது. தம்பி வாங்கிய கடன் வங்கிக்குத் திரும்பவில்லை. அவனைப்போல ஊரெல்லாம் தம்பிகள். வங்கி ஆட்டம் கண்டுவிட்டது என்று காதில் விழுந்ததும் போட்டதை எடுக்க எல்லாரும் ஓடினார்கள், அவளும் முண்டியடித்துக்கொண்டு ஓடினாள். அந்த ஓட்டத்திலேயே வங்கி படுத்துவிட்டது. முதலாளி கூலியைப் பாதியாக்கினார். எல்லா முதலாளிகளும் அதையே செய்தார்கள். அவரவர் செய்தது அவரவருக்குப் புத்திசாலித்தனம்தான். அத்தனை புத்திசாலித்தனமும் சேர்ந்துதான் கடைத்தெருவை இழுத்து மூடியது. கிடங்கில் கூரைவரை பூட்ஸ், தெருவில் வெறுங்கால். இந்தக் கண்ணராவியை எங்கே போய்ச் சொல்வது!

அவள் கணவனின் லாரிக்குச் சுமையே இல்லை. வீட்டில் அடுப்பெரிவது அவள் கூலியில்தான்.

அன்று காலை மேஸ்திரி தையல் மேஜைகளில் கத்திகளை வைத்தார்.

"இன்னிக்குத் தையல் கிடையாது. கிடங்குல இருக்கறதுல பாதியக் கிழிக்கணும். சரக்கு கொறஞ்சாத்தான் விலை நிக்கும்னு முதலாளி சொல்லிட்டாரு. தோல்ல நீளமா ஒரே இழுப்பு. கூலி உண்டு."

அவள் கத்தியை எடுத்தாள். தோலை அது தொடவில்லை. தையலை மட்டும் நூல் நூலாக அறுத்தாள். பார்வைக்குப் பூட்ஸ் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. பக்கத்து மேஜைக்காரி பார்த்தாள், வாயைப் பொத்திச் சிரித்தாள், தானும் அப்படியே செய்தாள். மத்தியானத்துக்குள் வரிசை முழுக்கப் பரவிவிட்டது. அறுத்ததெல்லாம் வெளியே மதில் ஓரத்தில் குப்பையாகக் குவிந்தது.

சாயங்காலம் மேஸ்திரி ஒரு ஜோடியைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"யாரு ஆரம்பிச்சது இத?"

"நான்தான். ஏன், பிரிஞ்சுதானே கிடக்கு?"

"நூலத்தானே பிரிச்சிருக்க! எவன் வேணா எடுத்துத் தைச்சுப் போட்டுப்பான்."

"போட்டுக்கட்டுமே! வேற எதுக்குச் செஞ்சோம்?"

மேஸ்திரி குரலைத் தாழ்த்தினார். "இந்தா பாரும்மா, உன் வீட்டு நெலம எனக்குத் தெரியும். போய்த் தோலக் கிழி, நாளைக்கும் வேலை உண்டு. முடியாதுன்னா இப்பவே கெளம்பு."

பயப்படவில்லை என்றால் அது பச்சைப் பொய். வீட்டுக்காரன் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. ஆனால் பயத்தை முந்திக்கொண்டு வாய் திறந்துவிட்டது.

"தைக்கக் கூலி கேட்டா காசில்லன்னீங்க. கிழிக்க மட்டும் காசு எங்கேருந்து வந்துச்சு, மேஸ்திரி?"

கேட்ட கையோடு கத்தியை மேஜையில் எறிந்தாள். தன் ஊசியையும் நூல்கண்டையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மதில் ஓரத்துக் குவியலுக்குப் பக்கத்தில் சட்டமாக உட்கார்ந்து தைக்கத் தொடங்கினாள். தெருவில் போனவர்கள் நின்றார்கள்.

"அவள விரட்டுய்யா!" என்று மேஸ்திரி வாசலில் நின்று கத்தினார்.

காவலாளி கம்போடு ஓடி வந்தார். அவர் பூட்ஸ் முனையில் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது.

"அண்ணே, கம்ப அப்புறமா ஓங்கிக்கலாம்," என்றாள் அவள், தலை நிமிராமல். "மொதல்ல காலை நீட்டுங்க, அளவு பாக்கணும்."

காவலாளி ஒருதரம் மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கம்பை மதிலில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்.